பார்த்து விளையாடுங்கள்

என் மருமகன் தொலைக்காட்சியில் டென்னிஸ் பார்ப்பவர். ஆட்டம் தொடங்குமுன்பே யார் ஜெயிப்பார் என்று சொல்லிவிடுவார். முடிவு வேறாக இருந்தால் அதற்கும் காரணம் வைத்திருப்பார். தரையின் ஈரம், காற்று, ஆட்டக்காரரின் விவாகரத்து. போன மாதம் அவரிடம், நானும் ஒரு தொழில்முறை டென்னிஸ் ஆட்டத்துக்கு நடுவராக இருந்திருக்கிறேன் என்று சொன்னேன். எங்கே என்று கேட்டார். ராமநாதபுரத்தில், ஐம்பதுகளில் என்றேன். மரியாதைக்காக ஒலியைக் குறைத்தார். முகத்தைத் திருப்பவில்லை.

சொன்னது உண்மை. காசு வாங்காமல் ஆடுகிறவர் அமெச்சூர். டென்னிஸ் ஆடச் சம்பளம் வாங்குகிறவர் தொழில்முறை ஆட்டக்காரர். அந்தக் காலத்து விதிப் புத்தகம் அப்படித்தான் பிரித்தது. எங்கள் கிளப்பில் அந்தப் புத்தகத்தை முழுதும் வாசித்தவன் நான். எனக்கு டென்னிஸ் ஆடத் தெரியாது, ஆகவே வாசிக்க நேரம் இருந்தது. நான் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்தேன். கோப்பு எழுதத் தெரிந்தவன் எங்கே உட்கார்ந்தாலும் எழுதுவான் என்று நினைத்து என்னைக் கிளப்புக்குக் காரியதரிசி ஆக்கியிருந்தார்கள். சந்தா உண்டு, சம்பளம் கிடையாது. அந்த வகையில் நானும் அமெச்சூர்தான்.

கிளப்பில் சம்பளம் வாங்கி டென்னிஸ் ஆடியவர் ஒருவர் உண்டு. அந்த வேலைக்கு மார்க்கர் என்று பெயர். காலையில் செம்மண் தரைக்குத் தண்ணீர் தெளித்து ரோலர் இழுப்பார், சுண்ணாம்பில் கோடு போடுவார், வலை கட்டுவார். ஊரில் குடிதண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும் கோடையிலும் எங்கள் கோர்ட்டுக்குத் தண்ணீர் தவறியதில்லை. மாலையில் ஜோடி கிடைக்காமல் நிற்கும் உறுப்பினருடன் ஆடுவார். ஆடித் தோற்பார்.

இந்தத் தோற்பது என்ற வேலையைக் குறைவாக எடைபோடக் கூடாது. பந்தை நேராக வலையில் அடித்தால் உறுப்பினருக்குக் கோபம் வரும். தன்னைச் சின்னப்பிள்ளையாக நினைக்கிறான் என்பார். சர்வீஸை இரண்டு தடவையும் தவறாகப் போட்டால் அது அதைவிட மோசம். அதிகாரியின் வலது கைக்கு வாகான உயரத்தில் பந்தை எழுப்பிவிட வேண்டும். அவர் ஓங்கி அடித்ததும் இரண்டு எட்டு ஓடிப்போய், எட்டாதது போல நின்று, "ஷாட், சார்" என்று சொல்ல வேண்டும். நடுவில் ஒரு கேம் ஜெயிக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் சுவை இருக்காது. எங்கள் மார்க்கர் இதில் கைதேர்ந்தவர். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். வானம் பார்த்த பூமியில் மிளகாய் போடும் குடும்பம், நாற்பதை நெருங்கிய வயது. கோர்ட்டில் ஓடும்போதும் வரப்பில் நடப்பதுபோல நிதானமாகத்தான் ஓடுவார்.

பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் இதுபோலவே ஒரு சின்னக் கிளப் இருந்தது. அங்கிருந்த அதிகாரிகள் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போக, கடைசியில் கிளப்பை மூடி, இருந்த சொத்தை எங்கள் கிளப்போடு சேர்த்துவிட்டார்கள். சேர்ந்த சொத்தாவது: வலை ஒன்று, ரோலர் ஒன்று, பிரம்பு நாற்காலிகள் சில, மார்க்கர் ஒருவர். வலை கிழிந்திருந்தது. மார்க்கர் நன்றாக இருந்தார்.

அவர் பாம்பன்காரர். கத்தோலிக்க மீனவக் குடும்பம். இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம். மீன்பிடிக்காமல் ஏன் பந்தடிக்க வந்தார் என்பது தீவு முழுவதும் தெரிந்த கதை. அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் ஏறிய மாத்திரத்தில் குமட்டல் தொடங்கிவிடும். பழகினால் போய்விடும் என்று தகப்பனார் வருஷக்கணக்கில் கூட்டிப் போனார். போகவில்லை. தகப்பனாருக்கு அது மானப்பிரச்சினை. "எம் பரம்பரையில வள்ளத்துல ஏறி வாந்தியெடுத்தவன் இவன் ஒருத்தன்தான்" என்று பூசை முடிந்து வருகிறவர்களிடம் சொல்வாராம். மண்டபம் கிளப்பில் இடம் கிடைத்தபோதுதான் பையன் வீட்டில் நிமிர்ந்து சோறு சாப்பிட்டார். இப்போது அந்தக் கிளப் இல்லை. எங்கள் கிளப்பில் மார்க்கர் இடம் ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் வள்ளம் காத்திருக்கிறது என்று தகப்பனார் ஆள்விட்டுச் சொல்லியிருந்தார்.

இருவரில் யாரை வைப்பது என்று கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் பெரும்பாலும் மூவர். தலைவர், வடக்கேயிருந்து வந்த இளம் அதிகாரி. ஊரார் அவரைப் பெரியய்யா என்பார்கள், வயது முப்பதுகூட இராது. அடுத்தவர் டாக்டர். தன் பேக்ஹேண்ட் அடி அவருக்கு மிகவும் பிடிக்கும். மூன்றாமவர் கீழக்கரைச் சங்கு வியாபாரி. இவர் ஆடுவதில்லை. மாலையில் வந்து, காற்றாட உட்கார்ந்து, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக் கருத்துச் சொல்லிவிட்டுப் போவார்.

தலைவர் நியாயவான். "இருவரும் ஆடட்டும். வென்றவருக்கு வேலை" என்றார். அவர் தமிழைப் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவர். எழுத்துத் தமிழிலேயே பேசுவார். அந்த வாக்கியத்தை அப்படியே தீர்மானமாக எழுதிக்கொண்டேன். ஒரு எழுத்து மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரை கிளப்பில் வேறு பேச்சில்லை. யார் ஜெயிப்பார்?

டாக்டர் முழங்கால் மூட்டைப் பார்த்துச் சொன்னார். "நம்ம மார்க்கருக்கு வலது முழங்கால்ல நீர் கோத்திருக்கு சார். மூணாவது செட்டு தாங்காது. பாம்பன்காரன்தான்."

வியாபாரி குணத்தைப் பார்த்துச் சொன்னார். "மழைக்குக் காத்துக் கெடந்து பழகுனவரு முதுகுளத்தூராரு. இந்தத் தம்பிக்குப் பொறுமை பத்தாது. நம்மூராருதான் ஜெயிப்பாரு, இன்ஷா அல்லாஹ்."

"பந்தயம் வச்சுக்கலாமா?" என்று டாக்டர் கேட்டார்.

"பந்தயம் ஹராம். அபிப்பிராயம் சொல்றதுக்குத் தடையில்ல."

முதுகுளத்தூர்க்காரரின் மனைவி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தது. கேட்டவர்கள் எல்லாரும் நல்ல சகுனம் என்றார்கள். டென்னிஸில் இரண்டு பேருமே வெள்ளைதான் உடுத்துவார்கள், இதில் எதைக் கண்டுகொண்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஆனாலும் சகுனம் நல்ல சகுனமாகவே இருந்தது.

இவையெல்லாம் பொழுதுபோக்கு. உண்மையில் முடிவை ஊகிக்க நினைத்தவர்கள் ஆட்டக்காரர்களைப் பார்க்கவில்லை, தலைவரைப் பார்த்தார்கள். இரண்டு மார்க்கர்களும் ஆயுள் முழுவதும் அதிகாரியின் மனசறிந்து பந்தடித்தவர்கள். ஆகவே பெரியய்யா யார் ஜெயிக்க வேண்டுமென்று நினைக்கிறாரோ அவர்தான் ஜெயிப்பார். மூட்டும் பொறுமையும் அதற்கு அப்புறம்தான். இப்படி ஒரு வாதம் கிளம்பி, எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. அதன்பிறகு தலைவர் ரோலரைப் பார்த்தால் உள்ளூர்க்காரருக்கு அனுகூலம், கிழிந்த வலையைப் பார்த்தால் பாம்பனுக்கு அனுகூலம் என்று கணித்தார்கள். அவரோ வாயே திறக்கவில்லை. தலைவர் முன்கூட்டிக் கருத்துச் சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை. டாக்டர் ஒருநாள் நேராகவே கேட்டதற்கு, "ஆட்டம் முடிந்தவுடன் சொல்கிறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சற்றுத் தாழ்ந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கோர்ட்டைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டியிருந்தோம். அன்று அதற்கு வெளியிலும் தலைகள் தெரிந்தன. பாம்பனிலிருந்து ரயிலில் ஒரு கூட்டம் வந்திருந்தது. அதில் மார்க்கரின் தகப்பனாரும் இருந்தார். மகன் ஜெயிப்பதைப் பார்க்க வந்தாரா, கையோடு கூட்டிப்போக வந்தாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நான் உயரமான நாற்காலியில் ஏறி விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆட்டத்துக்குச் சற்று முன்னால் தலைவர் எழுந்து போய், முதலில் பாம்பன்காரரிடமும், அப்புறம் கோர்ட்டின் மறுகோடிக்கு நடந்து முதுகுளத்தூர்க்காரரிடமும் ஏதோ சொன்னார். இருவரும் கைகட்டிக் கேட்டுத் தலையாட்டினார்கள். தட்டி ஓரத்தில் சலசலப்பு எழுந்தது. முதலில் போனது பாம்பன்காரரிடம், ஆகவே அவர்தான் என்று ஒரு சாரார். கடைசியில் சொன்னதுதான் உத்தரவு என்று இன்னொரு சாரார்.

ஆட்டம் தொடங்கியது. இப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. பந்து இந்தப் பக்கம் வரும், வாகான உயரத்தில் அந்தப் பக்கம் போகும், அங்கிருந்து அதைவிட வாகாக இந்தப் பக்கம் திரும்பும். சீக்கிரத்தில் முடியாது. பார்த்தவர்களுக்குப் பரமானந்தம். டாக்டர் தொடையில் தட்டிக்கொண்டு, "இதுதான் சார் ஆட்டம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் யாராவது ஒருவர் கோட்டுக்கு விரற்கடை வெளியே அடிப்பார். எதிரில் நிற்பவர், அது வெளியே விழுந்ததல்ல, உள்ளேதான் என்று என்னிடம் வாதாடுவார். எதிராளிக்காக வாதாடும் ஆட்டக்காரரை என்ன செய்வது என்று புத்தகத்தில் இல்லை. பந்து வெளியே என்று சொல்லி இருவரையும் கண்டித்தேன்.

சிறிது நேரத்தில் ஒன்று புரிந்தது. சர்வீஸ் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத் தோற்க வசதி அதிகம். ஆகவே ஒவ்வொரு கேமிலும் சர்வீஸ் போட்டவர் தோற்றார். அதனால் எண்ணிக்கை எப்போதும் சமமாகவே நின்றது. அந்தக் காலத்தில் டைபிரேக்கர் கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை செட் முடியாது. ஆறுக்கு ஆறு, ஏழுக்கு ஏழு, எட்டுக்கு எட்டு என்று நான் உரக்கச் சொல்லிக்கொண்டே போனேன். முறைப்படி நடந்தால் இந்த ஆட்டம் முதல் செட்டைத் தாண்டாது என்று தோன்றியது. இருட்டினால் மறுநாளுக்கு ஒத்திவைக்கலாம், மறுநாளும் இப்படியே. நான் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்க விதிகளில் இடமிருந்தது.

பக்கம் மாறும் நேரத்தில் இருவரும் என் நாற்காலிக்குக் கீழே இருந்த பானையில் தண்ணீர் குடிக்க வந்தார்கள். இளையவர்தான் முதலில் பேசினார், வாயை அதிகம் திறக்காமல்.

"என்னண்ணே, கைக்கு நேரா வார பந்தப் போய் வெளிய தள்ளுறீக?"

"நீ மட்டும் என்னலே செய்ற? கோட்டுல விழுந்தத விட்டுப்புட்டு ஆகாசத்தப் பாக்குற."

"எனக்குச் சொல்லி விட்டுருக்காகண்ணே. நான் என்ன செய்ய?"

"யாரு சொல்லி விட்டது?"

"பெரியய்யாதான். 'நீங்கள் பார்த்து விளையாடுங்கள்'னாக. நீங்கள்னு வேற சொன்னாக."

முதுகுளத்தூர்க்காரர் குவளையைக் கீழே வைத்தார். "ஏலே, எனக்கும் அதானடா சொன்னாக. நீங்கள் பார்த்து விளையாடுங்கள். நானும் சரி, நம்மள வீட்டுக்கு அனுப்பத்தான் மரியாதை குடுக்குறாகன்னு நெனச்சேன்."

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் அலுவலகங்களில் ஓர் அதிகாரி கீழே இருப்பவரை ஏப்பா, நீ, வா, போ என்று பேசினால் எல்லாம் சுகம். நீங்கள் என்று சொன்னால் விளக்கம் கேட்டு மெமோ வரப்போகிறது. அதேபோல, 'பார்த்து' என்ற சொல்லுக்குத் தெருவில் ஒரு பொருள், அலுவலகத்தில் ஒரு பொருள். தெருவில் பார்த்துப் போ என்றால் கல் தடுக்காமல் போ. அலுவலகத்தில் பார்த்துச் செய்யுங்க என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், ஆளுக்குத் தக்கபடி நடந்துகொள்ளுங்கள், பின்னால் உங்களையும் பார்த்துக்கொள்வார்கள். பார்த்து விளையாடுங்கள் என்று ஓர் அதிகாரி சொன்னால், எதிராளியை ஜெயிக்கவிடு, உனக்கு வேறு வழி செய்கிறேன் என்றுதான் எந்த மார்க்கரும் எடுத்துக்கொள்வார். இரண்டு பேரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தோற்றவருக்குத்தான் வாழ்வு என்று நம்பி இருவரும் உயிரைக் கொடுத்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

இருவரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். நடுவர் ஆட்டக்காரருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது என்பது விதி. சொல்லுக்குப் பொருள் சொல்லக் கூடாது என்று விதி இல்லை.

"பெரியய்யா தமிழைப் புத்தகத்தில் படித்தவர்" என்றேன். "அந்தப் புத்தகத்தில் பார்த்து என்றால் கவனமாக. வேறு ஒன்றுமில்லை."

"அப்ப நீங்கள்னா?" என்றார் முதுகுளத்தூர்க்காரர்.

"நீங்கள்தான்."

அப்புறம் இளையவர் கேட்டார். "அப்ப நெசமாவே ஆடலாமாய்யா?"

"ஆடலாம்."

"நெசமா ஆடி ரொம்ப நாளாச்சுண்ணே" என்றார் அவர், மூத்தவரிடம்.

"எனக்கு மட்டும் என்ன. வா, பாப்போம்."

அடுத்த சர்வீஸ் பாம்பன்காரருடையது. பந்தை மேலே போட்டார். அடுத்து எனக்குத் தெரிந்தது எதிர்ப்பக்க ஓலைத் தட்டி அதிர்ந்த சத்தம்தான். எண்ணிக்கை சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தேன். வியாபாரிதான், "அய்யா, பாயிண்டு" என்று ஞாபகப்படுத்தினார். அடுத்ததும் அப்படியே வந்தது. அதை முதுகுளத்தூர்க்காரர் திருப்பினார். எப்படித் திருப்பினார் என்று என்னால் சொல்ல முடியாது. நீர் கோத்த முழங்காலோடு மூலைக்குப் போய், நாங்கள் யாரும் அவரிடம் பார்த்திராத ஒரு பேக்ஹேண்டால், கோட்டின் சுண்ணாம்பு பறக்க அடித்தார். வரப்பு நடையெல்லாம் எங்கோ போய்விட்டது.

முதல் செட் பாம்பனுக்கு. இரண்டாவது முதுகுளத்தூருக்கு. வெளியே நின்றவர்கள் கத்தத் தொடங்கியிருந்தார்கள். உள்ளே நாற்காலிகளில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் மகிழ்ச்சியில் வாயடைத்தார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் ஒவ்வொரு முகத்திலும் ஒரு கணக்கு ஓடுவது தெரிந்தது. டாக்டர் முந்தின வாரம்தான் நம்ம மார்க்கரை நேர் செட்களில் ஜெயித்திருந்தார். தலைவர் மண்டபத்துக்கு முகாம் போகும்போதெல்லாம் பாம்பன்காரரை ஜெயித்திருந்தார், அதைப் பற்றி அடக்கமாகப் பேசியும் இருந்தார். மடியில் வைத்திருந்த ராக்கெட்டை டாக்டர் எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

ஆடாதவர் என்பதால் வியாபாரிக்கு மட்டும் நஷ்டமில்லை. "டாக்டரய்யா, போன வாரம் நீங்க ஜெயிச்சது இவரத்தான? இல்ல வேற யாரையாச்சுமா?" என்று விசாரித்தார். டாக்டர் அவருக்கு முழங்காலைப் பற்றி விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது செட்டில் டாக்டர் சொன்னபடி முழங்கால் சோர்ந்தது. பாம்பன்காரர் ஜெயித்தார். ஆக, டாக்டரின் ஊகம் சரியாகிவிட்டது. அவர் அதைக் கொண்டாடவில்லை. பாம்பன்காரர் வலைக்கு ஓடிவந்து மூத்தவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெளியே தகப்பனார் மற்றவர்களைப் போலக் கத்தாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

கமிட்டி அங்கேயே கூடியது. தீர்மானத்தை வாசித்தேன். வென்றவருக்கு வேலை.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "தீர்மானம் சரிதான் சார். ஆனா மார்க்கர் வேலைன்னா என்ன? மெம்பர்ஸுக்குப் பிராக்டிஸ் கொடுக்கறது. அந்தப் பையன் சர்வீஸ் யார் மேலயாவது பட்டா நான்தான் தையல் போடணும். நமக்கு வேண்டியது ஜெயிக்கிற ஆளா, ஒத்துப் போற ஆளா?"

"இருவருமே இன்று ஒத்துப் போகவில்லையே" என்றார் தலைவர்.

"ஒருத்தர் தோத்திருக்கார் சார். அதுவே ஒரு தகுதி."

தீர்மானத்தை அறிவித்து, அதன்படி ஆட்டமும் நடந்தபின் நிபந்தனையை மாற்ற முடியாது என்று நான் சொன்னேன். எந்த அலுவலகத்திலும் நிற்காது என்றேன். தலைவர் என்னைப் பார்த்து, "தீர்மானத்தின் சொல் முக்கியமா, நோக்கம் முக்கியமா?" என்று கேட்டார். என் அனுபவத்தில், மேலே இருப்பவர் நோக்கத்தைப் பற்றிக் கேட்டால் முடிவு எடுத்தாயிற்று என்று பொருள். சொல்தான் என்றேன். அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். வியாபாரி என் பக்கம் கை தூக்கினார். டாக்டர் எதிர்ப் பக்கம். காரியதரிசிக்கு வாக்கு இல்லை. தலைவர் நெடுநேரம் கோர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மண்டபத்தில் ஜெயித்ததெல்லாம் அன்று அவர் கையைவிட்டுப் போயிருந்தது. உறுப்பினர்களின் நலனை முன்னிட்டு ஏற்கெனவே பணியில் உள்ள மார்க்கரே தொடர்வார் என்று முடித்தார்.

போய்ச் சொல்லும் வேலை என்னுடையது. பாம்பன்காரர் ரோலர் மேல் உட்கார்ந்து கால் நகத்தில் ஏறியிருந்த செம்மண்ணை எடுத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"ஜெயிச்சவனுக்குத்தானய்யா வேலைன்னாக?"

"அப்படித்தான் தீர்மானம்."

"நாந்தானய்யா ஜெயிச்சேன்?"

"அதுதான் காரணம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப மொதல்ல ஆடுனதுதான் சரியான ஆட்டமா?" என்றார். முறைப்படி அந்தக் கேள்வி கமிட்டிக்குப் போக வேண்டியது.

தகப்பனார் தட்டியை விலக்கிக்கொண்டு வந்தார். விஷயத்தை இன்னொரு தடவை சொன்னேன். அவர் மகனைப் பார்த்து, "எந்திரி, ரயிலு போயிரும்" என்றார். மகன் எழுந்திருக்கவில்லை. வள்ளத்துக்கு வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூத்த மார்க்கர் சற்றுத் தள்ளி வலையை அவிழ்ப்பதுபோல நின்றார். அவிழ்த்த முடிச்சையே திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வியாபாரி வந்தார், காரில் ஏறப் போனவர். "தம்பி, இங்கன வா. கணக்கு வருமா?"

"எட்டு வரைக்கும் படிச்சிருக்கேன்."

"நின்னுக்கிட்டே ஒரு நாள் முழுக்க இருக்க முடியும்னு இப்பப் பாத்தேன். சத்தமும் போடுவியா?"

"கடற்கரைக்காரன் மகன்" என்றார் தகப்பனார், கொஞ்சம் கோபமாக. "சத்தத்துக்கு என்ன கொறச்சல்."

வியாபாரியின் மைத்துனருக்கு முதுகுளத்தூர் மார்க்கத்தில் ஒரு பஸ் ஓடியது. கண்டக்டர் ஒருவர் தேவைப்பட்டார். முதுகுளத்தூர் பஸ்ஸில் ஏறியவர் போகப் போகக் கடலை விட்டு விலகித்தான் போவார் என்பதை வியாபாரி எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மகன் ரோலரை விட்டு எழுந்தார். தகப்பனார் வியாபாரியையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டி குலுங்குறதுக்கு வாந்தி வராதே?" என்று மட்டும் கேட்டார்.

"வராதுப்பா."

லைசென்ஸுக்கான காரியங்களை நான் கவனித்துக்கொண்டேன். எந்தச் சாளரம், எந்த முத்திரை என்பது எனக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு. உடல் தகுதிச் சான்றிதழுக்கு டாக்டரிடம்தான் போக வேண்டியிருந்தது. இரண்டு கண்ணும் சுத்தம், வலது தோள் அசாதாரண பலம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது பையனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிளப்பில் டென்னிஸ் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அப்புறம் யாரும் நிம்மதியாக ஜெயிக்கவில்லை. டாக்டர் ஒரு செட் எடுத்ததும் வலைப் பக்கம் வந்து, "நிஜமாவே தோத்தியா?" என்று கேட்பார். மார்க்கர் முழங்காலைத் தொட்டுக் காட்டி, "எங்க அய்யனார் சத்தியமா நெசமாத்தான் தோத்தேன்" என்பார். அந்தச் சத்தியம் எவ்வளவு வேகமாக வருகிறதோ அவ்வளவுக்கு டாக்டரின் முகம் வாடும். மெதுவாக வந்தாலும் வாடும். ஒவ்வொருவராகச் சீட்டாட்டத்துக்கு மாறினார்கள். தலைவர் மாற்றலாகிப் போகும்வரை ஆடினார். விடைபெறும் நாளன்று மார்க்கரிடம், ஒரே ஒரு செட், தோற்க முயலாமல் ஆடவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தலைவர் ஒரு கேம்கூட எடுக்கவில்லை. அன்றுதான் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

அறுபதுகளில் ஒருநாள் அலுவலக வேலையாக முதுகுளத்தூர் போக வேண்டியிருந்தது. பஸ் கிளம்பும் நேரத்தில் ஏறினேன். மிளகாய் மூட்டைகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் பாம்பன்காரர் நின்றுகொண்டிருந்தார், சற்றுப் பருத்து, காக்கியில். ஆட்டுக்கு டிக்கெட் வாங்க மாட்டேன் என்று ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அது குட்டி, மடியில்தானே இருக்கிறது என்று வாதம். கண்டக்டர் அந்தக் குட்டியைத் தூக்கிக் கீழே விட்டார். அது உடனே நின்று புழுக்கை போட்டது. "மடியில இருக்குற பிள்ளைக்கு நாலு காலா?" என்றார். ஆட்டுக்காரர் டிக்கெட் வாங்கினார்.

என்னைப் பார்த்ததும் முன்வரிசையில் ஒருவரை எழுப்பி இடம் பண்ணிக் கொடுத்தார். வேலை எப்படி என்று விசாரித்தேன்.

"கொறையில்லங்கய்யா. இங்கன யாருக்கும் தோக்க வேண்டியதில்ல." கொஞ்சம் யோசித்து, "செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுனா மட்டும் கொஞ்சம்" என்றார்.

விசில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனார். பின்னால் இன்னொரு ஆடு இருந்தது.